மந்தியும் சீட்டிக்குருவியும்

அடைமழையில் செத்துப்போன குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அந்தச் சோலைமந்தி தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் பலாமரத்தில் இன்னும் உட்கார்ந்திருந்தது. குட்டியின் ரோமம் உதிர்ந்து தோல் காய்ந்துவிட்டது. கூரை இடுக்கிலிருந்த சீட்டிக்குருவியின் குஞ்சும் அதே மழையில்தான் விழுந்து செத்தது. மறுநாள் விடியும்போதே குருவி சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டது. காய்ச்சலில் பிள்ளை போனதிலிருந்து அமலி இரண்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த மந்தி. நீங்க குருவி," என்றாள் புருஷனிடம்.

அடக்கம் முடிந்த மறுநாளே தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போனவன் சவரி. போகும்போதும் வரும்போதும் பழையபடி சீட்டியடித்தான். உத்தரத்தில் தொங்கிய சேலைத் தூளியை மட்டும் யாரும் அவிழ்க்க அவள் விடவில்லை.

அன்று சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே உள்ளே நுழைந்த சவரியின் தோள் பட்டுத் தூளி ஆடியது. சீட்டி அறுந்தது. கவாத்துக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தூளியைப் பிடித்து நிறுத்தினான். ஆட்டம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"வெறுந்தூளி ஆடக் கூடாது அமலி," என்றான். "புள்ளைக்கு வயிறு வலிக்கும்."