வீட்டில் விடமாட்டார்கள்

"தங்கச்சி, நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

கேப்டனின் மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. பள்ளிச் சீருடை ஒன்றின் ஓரத்தை மடித்து அடித்துக்கொண்டிருந்தாள். கேப்டன் என்பது பட்டப்பெயர்தான். பிழைப்புக்கு அவன் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஊர் சுற்றத் திட்டம் போடுவதில் மன்னன் என்று பள்ளிக்கூட நாளிலேயே கூட்டாளிகள் வைத்த பெயர் அது.

இந்தத் திட்டமும் அவனுடையதுதான். சோவியத் உடைந்தபோது தனியாகப் பிரிந்த கிர்கிஸ்தானுக்குக் கூட்டாளிகள் மூன்று பேரும் போவது. ஹோட்டல் கிடையாது, கூடாரம்தான். அரதப் பழசான ரஷ்ய ஜீப் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு மலை உச்சி ஏரி வரை ஏறிவிடுவது. ஒரு வருடமாக மூவருக்கும் இதே பேச்சு.

மருந்துக்கடைக்கார நெட்டையன் ரஷ்ய எழுத்துகளைக்கூடப் படித்துவிட்டான். இப்போது கூடத்துத் தரையில் சாமான்களைப் பரப்பி, கையில் தூக்கிப் பிடிக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக்கொண்டிருந்தான். மலிவு விமானம். ஏழு கிலோவுக்கு மேல் ஒரு சோப்புக்கட்டிகூட ஏறாது.

"எடை குறையணும்னு பல் விளக்கற பிரஷ்ஷைக்கூடப் பாதியா உடைச்சிட்டேன் தங்கச்சி. இதுக்கு மேல குறைக்கணும்னா பல்லைத்தான் கழட்டி வைக்கணும்" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் தாராளமாப் போயிட்டு வாங்கண்ணே. இவரை விடமாட்டேன்."

"ரெண்டு பேராப் போனா ஜீப் வாடகையிலேயே எங்க முதுகு ஒடிஞ்சிடும். மூணாப் பங்கு போட்டாத்தான் கட்டுபடியாகும். இவன் வரலைன்னா பயணமே இல்லை."

"அப்ப வேணாம்."

மெக்கானிக் கேப்டனைப் பார்த்தார். அவன் சுவரோரமாகத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"உனக்கு என்னதாம்மா பயம்?"

"இவருக்குக் குளிர் ஒத்துக்காது."

"நாம போறது ஆகஸ்ட்ல. அங்க அதுதான் வெயில் காலம்."

"பாஷை தெரியாத ஊரு."

"அதுக்குத்தான் நெட்டையன் இருக்கான்."

"மலையில விழுந்து கிழுந்து வச்சா யார் பார்ப்பா?"

பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவள் சொல்லிக்கொண்டே போனாள். மெக்கானிக் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர்.

"எனக்கு முட்டி தேய்ஞ்சுபோச்சு தங்கச்சி. மாடி மாடியா ஏறி இறங்கின வேலை. அடுத்த வருஷம் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் மலையை நான் படத்துலதான் பார்க்கணும். எனக்காக ஒரே ஒரு தடவை விடேன்."

மெஷின் நின்றது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே. முடியாது."

நெட்டையன் தராசைக் கீழே போட்டான். "என் கல்யாணத்துக்கு முதல் நாளே வர்றேன்னான், நீ விடலை. மூணு பேரும் சேர்ந்து கடை போடலாம்னோம், நீ விடலை. மூச்சு விடறதுக்கும் உன்கிட்ட கேட்டுக்கணுமா இவன்? உன்னைக் கட்டினதுக்குப் பேசாம சாமியாராப் போயிருக்கலாம்."

"விடுடா. அவளைச் சொல்லாதே" என்றான் கேப்டன் மெதுவாக.

சாமான்களை வாரிக் கட்டினார்கள். ஒருமுறை பிரித்த கூடாரம் மறுபடி அதன் உறைக்குள் போவேனா என்றது. பாதி வெளியே தொங்க, அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு நெட்டையன் கிளம்பினான்.

"காப்பியாவது குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள்.

"வேணாம்மா" என்றார் மெக்கானிக். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே போகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

கதவைச் சாத்தியதும் கேப்டன் எழுந்து சோம்பல் முறித்தான்.

"அப்பாடா. நேத்து சொல்லிக் கொடுத்ததை ஒண்ணு விடாம சொல்லிட்டே. நடுவுல சிரிச்சியே, அப்பத்தான் எனக்குத் திக்குனு இருந்தது."

"அவர் முட்டியைப் பத்திச் சொன்னப்பவாவது நீங்க உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு? ஏரோப்ளேனை நினைச்சாலே வயித்தைக் கலக்குதுன்னா? கேப்டன் கேப்டன்னு கூப்பிடறவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"கடை போடறதுக்கும் உங்களுக்குத்தான் பயம். பழி என் தலையில. அந்த மனுஷன் இனி இந்தப் படி ஏறுவாரா? வெளியில எனக்கு ராட்சசின்னு பேரு."

"வீட்ல விடமாட்டாங்கன்னு சொல்லிட்டா யாரும் மேற்கொண்டு கேள்வி கேக்கறதில்லை. அதுல ஒரு வசதி" என்று அவன் டிவியைப் போட்டான்.

அவள் மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தைத்தாள். மனசு ஆறவில்லை.

"நான் வர்றதுக்கு முன்னாடி யார் பேரைச் சொல்லித் தப்பிச்சீங்க?"

"வேற யாரு, அம்மாதான்" என்று சிரித்தான். "அம்மா சம்மதிக்க மாட்டாங்கன்னு சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க."

அவள் கை அப்படியே நின்றது. அம்மா சம்மதிக்கவில்லை என்று சொல்லித்தான் அவன் அவர்கள் கல்யாணத்தையே மூன்று வருடம் இழுத்தடித்தான். அந்தக் கோபத்தில், மாமியார் கண்ணை மூடும்வரை அவரிடம் அவள் முகங்கொடுத்துப் பேசியதே இல்லை.