தூளி ஏறும் பாதை

உப்புப் பாத்தியில் வெயில் கண்ணைக் குத்துகிறது. வரப்பில் நின்று மேஸ்திரி சார்லஸின் செல்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள் குப்பாயி. கல்வராயன் மலையில் அவள் ஊருக்கு ரோடு கிடையாது. காய்ச்சலில் கிடக்கும் மகளைக் கம்பில் தூளி கட்டி விடியற்காலையிலேயே இறக்கியிருக்கிறார்கள். "பஸ்ல ஏத்தியாச்சா தம்பி?" என்கிறாள். அடிவாரத்து டெலிபோன் பூத்தில் தம்பிக்கு மூச்சிரைக்கிறது. "இல்லக்கா. தூளிய மறுபடி மேல தூக்கிட்டுப் போறோம்." "தூளிய மேல தூக்கிட்டுப் போறாங்களாம்," என்று போனைத் திருப்பிக் கொடுக்கிறாள். "வூட்டுக்கே திரும்பிட்டாங்களா? அப்ப புள்ளைக்கு சரியாயிடுச்சு, வுடும்மா," என்கிறார் மேஸ்திரி. பிழைத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். அவள் ஊரில் தூளி மேலே ஏறுவது பிணத்தோடு மட்டும்தான். குப்பாயி பாத்தியில் இறங்கி, உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேஸ்திரி போனில் ஒட்டிய உப்பை லுங்கியில் துடைக்கிறார்.