வாய்க்கூடை

"செவுத்தத் திங்கிற மாட்ட வூட்டுல வச்சிக்கலாமாங்க சார்?" என்று கேட்டாள் வீராயி.

கால்நடை டாக்டர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் இருந்த பள்ளத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தார்.

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்களில் மாடுகள் ஏன் மண்ணையும் எலும்பையும் துணியையும் தின்கின்றன என்று ஆராய வந்தவர் அவர். ஊர் ஊராக ராஜ்தூத் வண்டியில் அலைந்து, மாடுகளின் வாயையும் சாணத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளம் சோற்றுத் தட்டு அகலம் இருந்தது. வெள்ளையடித்தது உதிர்ந்து, உள்ளே செம்மண் தெரிந்தது.

குற்றவாளியான செவலைப் பசு பக்கத்திலேயே நின்றது. அதன் வாயில் கயிற்றால் பின்னிய வாய்க்கூடை. தீனி தின்னவும் தண்ணீர் குடிக்கவும் மட்டும் அதைக் கழற்றுவார்கள். வாயில்லா ஜீவனுக்கு இருந்த வாயையும் கட்டிவிட்டார்கள்.

அப்படிக் கட்டிய பிறகும் பள்ளம் வளர்ந்தது. ராத்திரியில் அவிழ்த்துக்கொள்கிறது என்றாள் வீராயி. தானே அவிழ்த்து, தானே தின்று, விடிவதற்குள் தானே மாட்டிக்கொள்ளும் மாடு. அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

மருமகள் புஷ்பவல்லி பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. தா.பழூரிலிருந்து அவள் கல்யாணமாகி வந்தபோது கூடவே கன்றாக வந்தது செவலை. அவள் பிறந்த வீட்டை அறிந்த உயிர் இங்கே அது ஒன்றுதான்.

நாளைக்குச் சந்தை. வீராயி குறையை மறைத்து விற்கிறவள் அல்ல. சுவர் தின்னும் மாடு என்று சொல்லி விற்றால் அடிமாட்டுக்காரனைத் தவிர யார் வாங்குவார்கள்?

தூரத்துக் கல்குழியில் மதிய வெடி வெடித்தது. பள்ளத்திலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து தரையில் விழுந்தது. புஷ்பவல்லியின் கண் அந்த மண்ணோடு கீழே இறங்கி அங்கேயே நின்றது.

டாக்டர் பள்ளத்தை விரலால் தடவினார். மாட்டு நாக்கு பட்ட சுவர் வழவழவென்று தேய்ந்திருக்கும். இது கீறல் கீறலாக இருந்தது.

எழுந்து வந்து பசுவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே நல்ல சிவப்பு. மாட்டுக்கு இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகுதான் கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நகங்கள் வெந்த மொச்சைத் தோல் மாதிரி வெளுத்திருந்தன. நகக்கண்ணில் செம்மண்ணும் சுண்ணாம்பும் இருந்தன.

புஷ்பவல்லி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

சுவரைத் தின்றது அவள்தான். விடியற்காலையில் சாணி அள்ள வரும்போது அந்த மண்வாசம் ஆளை இழுக்கும். ஒரு சிட்டிகை என்று தொடங்குவது ஒரு கைப்பிடியில் முடியும்.

மண் தின்கிறவள் வயிற்றில் பிள்ளை தங்காது என்பது வீராயியின் வேதவாக்கு. போன வருஷம் புஷ்பவல்லிக்கு ஒன்று தங்கவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செவலை போய்விடும்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்றும் இருந்தது அந்தப் பார்வை. சொல்லித் தொலையுங்கள் என்றும் இருந்தது.

மாட்டைப் பார்க்க வந்த மனிதர், ஊரான் வீட்டு மருமகளின் நகத்தைப் பற்றி மாமியாரிடம் என்னவென்று பேசுவார்? மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே, புஷ்பவல்லிக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"விக்காதீங்கம்மா. சத்துக் குறைதான். முருங்கைக்கீரையும் வெல்லமும் பிசைஞ்சு தினமும் குடுங்க. மருமக கையால குடுக்கட்டும். வாய்க்கூடையெல்லாம் வேணாம்."

புஷ்பவல்லிக்குப் புரிந்துவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்து மறைத்துக்கொண்டாள்.

டாக்டரின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வீராயி முருங்கைக் கிளையை ஒடித்துவிட்டாள். சொன்னதை உடனே செய்கிற பொம்பளை. பூட்டி வைத்திருந்த வெல்லப்பானை வெளியே வந்தது. மண்ணைக் குழைத்துப் பள்ளத்தில் அப்பி, அதன்மேல் சுண்ணாம்பும் பூசினாள். கொட்டகை முழுக்க ஈரமண் மணந்தது.

பிசைந்த சட்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து அங்கேயே நின்றுகொண்டாள்.

"ஒரு பொட்டு வாயில வச்சிடாத அம்மாடி. வயித்துப்புள்ளக்காரிக்கு முருங்கையும் வெல்லமும் சூடு. போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது."

அவள் குரலில் நிஜமான பயம் இருந்தது. பிரியமும் இருந்தது. திட்டியிருந்தால்கூடப் புஷ்பவல்லி எப்படியாவது ஒரு வாய் தின்றிருப்பாள்.

செவலை சட்டியைக் காலி செய்தது. பிறகு அவள் விரல்களை நகக்கண் வரைக்கும் நக்கிச் சுத்தம் செய்தது.

"மருந்து குடுத்தாச்சு. இதுக்கு மேலயும் செவுத்துல ஒரு கீறல் பாத்தன்னா, எந்த டாக்டரு சொன்னாலும் கேக்க மாட்டேன். சந்தைதான்" என்று சொல்லிவிட்டு வீராயி சட்டியோடு உள்ளே போனாள்.

புஷ்பவல்லி சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஈரமண் மணத்தில் வாய் ஊறியது. எச்சிலை விழுங்கினாள். மறுபடியும் ஊறியது.

மாட்டின் வாயிலிருந்து கழற்றிய வாய்க்கூடை ஆணியில் தொங்கியது. யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, அதை எடுத்துத் தன் முகத்தில் வைத்துப் பார்த்தாள்.

கொஞ்சம் பெரிதாக இருந்தது. கயிற்றை இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும்.