நன்கொடையோடு வந்த வரி

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக ஒரு தையல்காரம்மா நான்கு தன்னார்வலர்களோடு இணையத்தில் ஒரு மன்றம் நடத்திவந்தாள். தொலைந்துபோன தன் மகன் நான்காம் வருடம் வீடு திரும்பிய பிறகும் அதைக் கைவிடவில்லை. நன்கொடை வற்றிப்போகவே, மாதக் கடைசியில் மூடப்போவதாக அறிவித்தாள்.

மறுநாள் காலை ஒரு நன்கொடை வந்தது. கூடவே ஒரு வரி: “மூடிடாதம்மா. நான் இன்னும் வீட்டுக்கு வழி தேடிட்டுதான் இருக்கேன். உன் சுண்டு.”

அது மகனின் காதோடு மட்டும் அவள் சொன்ன செல்லப்பெயர். பணம் வந்ததை யாரிடமும் சொல்லாமல் கணினியை மூடினாள். அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகனிடம் குரல் கொடுத்தாள்.

“ஏன்டா, சின்ன வயசுல உன்னை எப்படிக் கூப்பிடுவேன், ஞாபகமிருக்கா?”

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிடுங்கம்மா,” என்றான் அவன்.