இடப்பக்கம் நின்ற ஏரி

ஒரு கணினி நிரலுக்குள் கூட்டல் குறி ஒன்று வேலை பார்த்தது. எண்கள் வந்தால் கூட்டும், சொற்கள் வந்தால் ஒட்டும். வேறு எது வந்தாலும், இடப்பக்கம் நிற்பது எழுதி வைத்திருக்கும் விதிப்படிதான் நடக்க வேண்டும்.

ஒருநாள் இடப்பக்கம் ஏரியும் வலப்பக்கம் குட்டையும் வந்து நின்றன.

“ஏரியண்ணே, நம்ம தண்ணி ஒண்ணா சேரப்போகுது!” என்று துள்ளியது குட்டை.

கூட்டல் குறி ஏரியின் விதியைப் படித்தது: ‘என்னோடு யாரைக் கூட்டினாலும் விடை நான் மட்டுமே.’

“ஐயா, இது கூட்டலே இல்லையே!” என்று பதறியது.

“நடுவுல நிக்கிற உனக்கென்ன? கையை நீட்டு,” என்றது ஏரி.

நீட்டியது. ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை. விடையில் இல்லாத குட்டை நிரலிலிருந்தே துடைக்கப்பட்டது.

அடுத்த வரியில், அதே ஏரிக்கு வலப்பக்கம் ஓர் ஓடை காத்திருந்தது.

“நடுவுல நீங்கதானா? நான்கூட பயந்துட்டேன்,” என்று கூட்டல் குறியைப் பார்த்துச் சிரித்தது.

கூட்டல் குறி உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் அதன் இரண்டு கைகளும், எப்போதும்போல் ஒரே அளவாக, நீண்டுவிட்டன.