பார்வைக்கு மட்டும் ஒரு கட்டில்

"பார்க்கிறதுக்குச் செஞ்ச கட்டில்ல எவன்யா படுத்தான்?"

முதலாளி போட்ட சத்தம், பூசாத மாடிகள் வரைக்கும் ஏறிப் போய்த் திரும்பி வந்தது.

சித்தாள் துடைப்பமும் கையுமாக வாசலில் நின்றாள். காலையில் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் கிடந்த ஒன்றை எடுத்து இடுப்பில் செருகியிருந்தாள். அது தெரியாதபடி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அது அடுக்குமாடிக் குடியிருப்பின் 'மாதிரி வீடு'. மேலே கட்டடம் பாதியில் நிற்க, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவென்றே தரைத்தளத்தில் ஜோடித்து வைத்தது. டிவி அட்டை. ஆப்பிள் பிளாஸ்டிக். அறை பெரிதாகத் தெரிய வேண்டுமே என்று கட்டிலைக்கூட நீளம் குறைத்து அடித்துப் போட்டிருந்தார்கள்.

ஊரடங்கு முடிந்து அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரு தம்பதி வீடு பார்க்க வந்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சிக்கு டை கட்டிவிட்ட மாதிரி இருக்கும் விற்பனை மேனேஜர், வழக்கமான பாட்டைப் பாடினார்.

"ரெண்டு ரூம் சார். யாருக்காவது நோய் வந்தாக்கூட ஒட்டாம உரசாம இருந்துக்கலாம். ரெண்டு குடும்பமே இடைவெளி விட்டுத் தாராளமா வாழலாம்."

அந்த அம்மாள் ஆசையாகக் கட்டிலில் உட்கார்ந்தார். ஏற்கெனவே பிய்ந்திருந்த கால்மாட்டுப் பலகை 'படக்'கென்று விழுந்தது. மெத்தையில் ஆள் படுத்த பள்ளம். தம்பதி மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பியவர்கள்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜருக்குச் சந்தேகமே கிடையாது. எல்லாம் பின்பக்கத் தகரக் கொட்டகைக் கூட்டத்தின் வேலை என்றார். கொட்டகை ஒன்றுக்கு இரண்டு குடும்பம். நடுவில் ஒரு சேலை. ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கி அலறிய நாட்களில், அங்கே ஒருத்தர் புரண்டு படுக்க எல்லாரும் சம்மதிக்க வேண்டியிருந்தது.

"இதுங்களுக்கு மெத்தையைக் கண்ணுல காட்டினதே தப்பு சார். இன்னைக்கே ஒரு குடும்பத்தைக் கொட்டகையை விட்டுக் காலி பண்ணச் சொல்லுங்க. மத்ததுங்களுக்குத் தானா புத்தி வரும்."

முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தினம் நீதானே பெருக்குறே? யாருன்னு உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

சித்தாள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார்.

"நாங்கதான் முதலாளி. கொட்டகையில வெக்கை தாங்கல. புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து இங்க தூங்கினோம்."

நாலரையடி மனுஷியின் கால், பலகையைப் பிய்க்கிற அளவுக்கு எப்படி எட்டியது என்று முதலாளி கேட்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள்மேல் பழி போட யார் அளவெடுக்கிறார்கள்?

சுத்தம், நன்றி, தராதரம் என்று மூச்சு விடாமல் பொரிந்தார். மூட்டையைக் கட்டு என்றார். அப்புறம் அவர் கண் தற்செயலாக ஜன்னல் வழியே போனது. சாரத்தில் ஆளே இல்லை. ஊரடங்கில் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. குரல் தானாக இறங்கியது.

"சரி, இதான் கடைசி. புள்ளைக்குட்டிக்காரின்னு பார்க்கிறேன்" என்று சொல்லிக் காரில் ஏறினார். அவருடைய இரக்கம் அவருக்கே பிடித்திருக்க வேண்டும்.

மேனேஜரும் மெல்ல நழுவப் பார்த்தார். சித்தாள் இடுப்பில் செருகியிருந்ததை உருவி நீட்டினாள். கோடு போட்ட டை.

"கட்டிலுக்கடியில கெடந்துச்சு சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பார்த்தா வீட்டு ஓனர் பூட்டையே மாத்திட்டாருன்னு அன்னைக்குப் போன்ல சொல்லி அழுதீங்களே, பக்கத்து ரூம்ல நான்தான் பெருக்கிட்டிருந்தேன். என்னைத் துரத்தினா முதலாளிக்குக் கலவை சுமக்க ஆளில்ல. உங்களைத் துரத்தினா நாளைக்கே வேற ஒரு டை வந்து நிக்கும். அதான் ஒத்துக்கிட்டேன்."

மேனேஜர் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

"கும்பிடெல்லாம் வேணாம் சார். தூங்காத கட்டிலுக்குத் திட்டு வாங்கியாச்சு. இனிமே பெரிய ரூம் எங்களுக்கு, சின்ன ரூம் உங்களுக்கு" என்றாள் சித்தாள். "ரெண்டு குடும்பம் இடைவெளி விட்டுத் தாராளமா வாழலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"