வெண்டல் வாங்கிய 'சி'

டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினான் வெண்டல் நோவாக். ஓட்டல் அறையில் ஏசி நன்றாகத்தான் வேலை செய்தது. வியர்வைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் பிறந்தால் சிகாகோவின் பெரிய வக்கீல் நிறுவனங்கள் இந்த ஓட்டலில் ஆளுக்கொரு அறை பிடித்து நேர்காணல் நடத்தும். அவற்றுக்கெல்லாம் தலை, ஹார்ட்விக் அண்ட் க்ரேல். முதல் ரேங்க்காரர்களுக்கே அங்கே நாக்குத் தள்ளும். வெண்டலோ சட்டக் கல்லூரியில் கடைசி பெஞ்சுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை.

போன் அடித்தது. மனைவி கோலீன்.

"சாப்பிட்டியா?"

"பேகல் ரொட்டி வாங்கினேன். சாப்பிடத் தோணல."

"பயப்படாத. போன வருஷம் மாதிரி ஆகாது."

போன வருஷமும் இதே ஓட்டல்தான். எல்லா நேர்காணலும் கைகுலுக்கலோடு முடிந்தது. அதற்கப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மார்க்கைப் பத்திக் கேட்டா என்ன சொல்றது?"

"கேட்டாச் சொல்லு. முந்திரிக்கொட்டை மாதிரி நீயா உளறாத. உனக்கு எதிர்க்கட்சி வக்கீலே வேண்டாம், உன் வாய் போதும்."

மதிப்பெண் பட்டியல் வைத்த கோப்பு மேசைமேல் மூடியபடியே கிடந்தது. திறந்து பார்க்க வெண்டலுக்குத் தைரியம் வரவில்லை.

கதவைத் தட்டிவிட்டு ஒருத்தி உள்ளே வந்தாள். கறுப்புக் கோட்டு, இறுகிய உதடு. அவனைவிடச் சின்னவள்தான், ஆனால் பார்வை மட்டும் தீர்ப்பு எழுதி வைத்துவிட்ட நீதிபதியின் பார்வை.

"ஷனீஸ் ரூக்கர்" என்றாள்.

வெண்டல் எழுந்த வேகத்தில் முட்டியை மேசையில் இடித்துக்கொண்டான். கை குலுக்கியபோது ஈரம் பிசுபிசுத்தது. யார் கையின் ஈரம் என்று தெரியவில்லை. தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவனே பழியை ஏற்றுக்கொண்டான்.

"முதல்லயே ஒண்ணு கேட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் ஷனீஸ். "கான்ட்ராக்ட் சட்டத்துல நீங்க 'சி' கிரேடு வாங்கினதா கேள்விப்பட்டேன். நிஜமா?"

வெண்டல் டை முடிச்சைத் தளர்த்தினான்.

"நிஜந்தான்."

"ஒரே ஒரு 'சி'யா?"

"சொத்துச் சட்டத்துல இன்னொண்ணு இருக்கு. முதல் 'சி' தனியாக் கெடந்து பயந்துக்கப் போகுதேன்னு துணைக்கு வாங்கினேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டாள்.

"அப்புறம் எந்த தைரியத்துல ஹார்ட்விக் க்ரேலுக்கு விண்ணப்பம் போட்டீங்க?"

"தைரியம் எங்க? ரோஷம். உனக்கெல்லாம் அங்க கார் நிறுத்தக்கூட இடம் தரமாட்டாங்கன்னு கூடப் படிச்சவன் சொன்னான். நல்லவேளை, எங்கிட்ட கார் இல்ல."

இதற்கும் அவள் சிரிக்கவில்லை.

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம். அந்த மார்க்கை வச்சுக்கிட்டு அப்படி ஒரு இடத்துல தாக்குப்பிடிக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்க."

வெண்டலின் கையிருப்பில் இருந்த ஜோக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னான்.

"முடியும். எனக்கு மூளை கொஞ்சம் மெதுவு. ஒரே தடவைல புரிஞ்சுக்கறவங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடறாங்க. நான் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு பழைய பக்கத்துலயே நிப்பேன். வில்லங்கமெல்லாம் அங்கதான் ஒளிஞ்சுக்கிட்டிருக்கும்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். நேர்காணலில் உட்கார்ந்து 'எனக்கு மூளை மெதுவு' என்று வாக்குமூலம் கொடுத்த முதல் வக்கீல் அநேகமாகத் தான்தான் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய்க் கோலீன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஷனீஸ் பேனாவை மூடினாள். அந்த இறுகிய உதடு முதல் தடவையாக நடுங்கியது.

"காலேஜ்ல எல்லாரும் உங்களைப் பத்திச் சொன்னாங்க. அதான் உங்க முன்னாடியே உக்காரணும்னு இந்த இன்டர்வியூவைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு 'டி' சார்... உங்க நிறுவனத்துல என்னை வேலைக்கு எடுத்துக்குவீங்களா?"